காலிக் கோட்டுக்கு ஒரு விரல் மேலே

கிறிஸ்துமஸுக்கு ஐந்து நாள் இருக்கும்போது லவீனா ஷ்ரேடர் தன் புருஷனின் துப்பாக்கியைச் சுவரிலிருந்து இறக்கினாள். பழைய போர்வையில் சுற்றி, அவனுடைய தோல்பையோடு மைத்துனன் நார்மனின் வண்டியில் பின்சீட்டில் கிடத்தினாள். அதைக் கடையில் கொடுத்துவிட்டு வேறொன்று எடுத்து வருவதாக ஏற்பாடு. துக்கமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. செவ்வாய்க்கிழமை குப்பைத் தொட்டியைச் சாலையோரம் தள்ளிக்கொண்டு போய் வைப்பாளே, அந்த மாதிரி ஒரு வேலை.

புருஷன் எல்வுட் போய்ச் சேர்ந்து பதினோரு மாதம் ஆகியிருந்தது. அன்றிலிருந்து இப்படித்தான் இருக்கிறாள். சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தார்கள், சாப்பிட்டாள். கட்டிப்பிடித்தார்கள், நின்றாள். "அழுதுடு லவீனா, பாரம் இறங்கும்" என்று தேவாலயத்துப் பெண்கள் மாறி மாறிச் சொல்லிப் பார்த்தார்கள். வந்தால் அழ மாட்டாளா? அடுத்தவள் கண்ணில் தண்ணீர் வரவில்லையே என்று கவலைப்படுவதற்கென்றே ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். இந்த மேட்டு ஊரில் அது பத்துப் பேர்.

வண்டி மேட்டை விட்டு இறங்கியதுமே நார்மன் ஆரம்பித்துவிட்டான். அவன் வாய் சும்மா இருக்காது.

"ஐம்பதே வாங்கு. வேற எதையும் பாக்காத. இந்த மாநிலத்துல மானுக்குன்னு பொறந்த குழல் அளவு ஐம்பதுதான். நாப்பத்தஞ்சு அணிலுக்கு. ஐம்பத்துநாலு யானைக்கு. எல்வுட்கிட்ட முப்பது வருஷம் கத்துனேன், கேட்டானா?"

"கேக்கல" என்றாள் லவீனா.

"உன் தோளுக்கு ஐம்பத்துநாலு ஆகவே ஆகாது. ஒரு தடவை உதைச்சா டாக்டர் வெச்ச ஆணியெல்லாம் வெளிய வந்துடும்."

"சரி."

அவள் 'சரி' என்று சொல்லிவிட்டால் மேலே பேச வழியில்லை. நார்மன் ரேடியோவைத் திருகினான்.

லவீனா ஜன்னல் வழியாக மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் நினைப்பெல்லாம் ஒரே ஒரு சத்தத்தில் நின்றுபோய் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, நார்மனிடம்கூட.

போன ஜனவரி ஒன்பதாம் தேதி, மத்தியானம் மூணேகால் மணி. தோள் அறுவை முடிந்து கையைக் கழுத்தோடு தூளி கட்டியிருந்ததால் அந்த வேட்டைப் பருவத்தில் அவள் காட்டுக்குப் போகவில்லை. அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள். வீட்டுக்குப் பின்னால் அரை மைல் தள்ளி, எல்வுட் உட்காரும் பக்கத்திலிருந்து வெடி கேட்டது. அவனுடைய ஐம்பத்துநாலின் சத்தம் அவளுக்குத் தெரியும். மான் ஈரல் வருகிறது என்று சட்டியை வைத்து, ஒற்றைக் கையால் வெங்காயம் நறுக்கிப் போட்டாள்.

எல்வுட், லவீனா, நார்மன் எல்லோரும் சேர்ந்த வேட்டைக் குடிசைக்காரர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. சக்கிமுக்கிக் கல் துப்பாக்கியில் படபடவென்று மூன்று முறை சுட்டு ஆபத்து என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு வெடிக்கும் குழல் வாய்வழியாக வெடிமருந்தைக் கொட்டி, துணி சுற்றிய குண்டைக் கோலால் இடித்து இறக்கி, வெளியே தீப்பொறி விழும் கிண்ணியிலும் ஒரு சிட்டிகை மருந்து வைக்க வேண்டும். அதனால் அவர்கள் வைத்துக்கொண்டது இது. ஒரு வெடி என்றால் மான். மனுஷனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் குண்டு போடாமல் மருந்தை மட்டும் இட்டு ஒன்று, நூறு எண்ணிவிட்டு அதே மாதிரி இன்னொன்று. இரண்டாவது கேட்டால் எல்லோரும் ஓடி வர வேண்டும்.

இரண்டாவது கேட்கவில்லை. அவள் காதைத் தீட்டிக்கொண்டு இருக்கவும் இல்லை. வெங்காயம் கருகுவதற்கு முன் அடுப்பை அணைத்தாள். நாலு மணிக்குப் பனி கொட்டத் தொடங்கியது. ஐந்துக்கு இருட்டியது. மேட்டுக்கு மறுபக்கம் வேட்டையாடிவிட்டு வந்த நார்மன் விளக்கை எடுத்துக்கொண்டு போய், மரத்தடியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவனைக் கண்டுபிடித்தான். மடியில் துப்பாக்கி. இதயம் நின்று இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும் என்றார்கள். தடமெல்லாம் பனிக்குள் போய்விட்டது. அடுத்த நாலு நாளும் தேடிப் பார்த்தார்கள், அடிபட்ட மான் எதுவும் கிடைக்கவில்லை, ஒரு சொட்டு ரத்தம்கூட இல்லை.

அப்படியானால் அந்த வெடி எதற்கு? மானுக்கா, எனக்கா? நெஞ்சு வலித்து முதல் வெடியைப் போட்டுவிட்டு, இரண்டாவதற்கு மருந்து இடும்போது கை ஓய்ந்துவிட்டதா? அரை மைலில் அவன் கூப்பிட்டுக்கொண்டிருக்க நான் வெங்காயம் வதக்கிக்கொண்டு இருந்தேனா? இதுதான் அவளுக்குப் பதினோரு மாதமாக. துப்பாக்கி சுவரில் தொங்கும்வரை இந்தக் கேள்வி தினம் காலையில் காப்பி போடும்போது எதிரே நிற்கும். அதனால்தான் அது வீட்டை விட்டுப் போக வேண்டும் என்றாள்.

பாய்டின் துப்பாக்கிக் கடை என்பது அவன் வீட்டுக்குப் பின்னால் இருந்த பழைய தீவனக் கிடங்கு. நடுவில் விறகடுப்பு, சுற்றி நாலு முக்காலி. பாய்ட் நாற்பது வருஷமாகக் கருமருந்துத் துப்பாக்கி தவிர வேறு எதையும் தொடாதவன். விரல் இடுக்கெல்லாம் கறுப்பு. லவீனாவைப் பார்த்ததும் எல்லோரையும்போல முகத்தைத் தொங்கப் போடாமல், "தோள் எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டான். அதற்காகவே அவனுக்கு ஒரு கும்பிடு போடலாம்.

"தலைக்கு மேல தூக்க முடியாது. மத்தபடி பரவாயில்ல."

மேஜையில் இரண்டை எடுத்துவைத்தான். "இது ஐம்பது. இது நாப்பத்தஞ்சு."

"ஐம்பதைக் காட்டு" என்றான் நார்மன்.

"உனக்கா வாங்குற? போய் அடுப்புல கட்டை போடு." பாய்ட் அவள் பக்கம் திரும்பினான். "எவ்வளவு தூரத்துல சுடுவ?"

"நாப்பது கஜம். மிஞ்சினா அறுபது."

"அறுபதைத் தாண்ட மாட்டல்ல?"

"தாண்டினா விட்டுடுவேன்."

"அப்ப நாப்பத்தஞ்சு போதும். நாப்பத்துநாலுக்குக் கீழதான் சட்டம் விடாது. இதுல மருந்து அம்பது கிரெயின் எடை போட்டா தோள்ல யாரோ கை வெச்ச மாதிரிதான் இருக்கும். குண்டு சின்னது, அதனால மானோட தோள்பட்டை எலும்புல அடிச்சுடாம, அதுக்குப் பின்னாடி விலாவுல பொறுமையா அடிக்கணும். உனக்குப் பொறுமை இருக்கு. அதோ நிக்கிறானே, அவனுக்குக் கிடையாது. அதான் அவனுக்கு ஐம்பது."

"அணில் துப்பாக்கி" என்றான் நார்மன் அடுப்பைக் கிளறியபடி. "ரத்தத் தடமே இருக்காது. அடிச்ச மானை அடுத்த மாவட்டத்துல போய்ப் பொறுக்கணும்."

"நீ ஐம்பதுல அடிச்சு எத்தனையைப் பொறுக்கினன்னு எனக்குத் தெரியும்ப்பா."

லவீனா நாற்பத்தைந்தை எடுத்துத் தோளில் வைத்தாள். வலிக்கவில்லை. கன்னத்தைச் சாய்த்துக் குறி பார்த்தாள். குறி முனையில் கடையின் காலண்டர் தெரிந்தது. நன்றாக இருக்கிறதா என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது. எதுவுமே அவளுக்கு நன்றாகவும் இல்லை, மோசமாகவும் இல்லை.

"இதுவே போதும்" என்றாள்.

"அப்ப எல்வுட்டோடதைக் கொண்டா. பாத்துட்டு எடுத்துக்கறேன்."

போர்வையை விரித்தார்கள். பாய்ட் துப்பாக்கியை நிமிர்த்திப் பிடித்து, அதன் அடியில் செருகியிருந்த மரக்கோலை உருவிக் குழலுக்குள் விட்டான். எந்தத் துப்பாக்கி கைக்கு வந்தாலும் அவன் முதலில் செய்வது அதுதான். காலிக் குழலில் கோல் அடியில் இரும்பைத் தட்டி மணி மாதிரி ஒலிக்கும். இது 'டொக்' என்றது.

பாய்ட் கோலை ஒரு தரம் தூக்கி மறுபடியும் விட்டான். டொக். குனிந்து, குழல் வாயருகே கோலைப் பார்த்தான். எல்வுட் அதில் கத்தியால் இரண்டு கோடு கீறி வைத்திருந்தான். காலியாக இருந்தால் மேல்கோடு குழல் வாயோடு நிற்கும். மருந்தும் குண்டும் சரியாகப் போட்டிருந்தால் கீழ்க்கோடு.

"நார்மன், இதை யார் வீட்டுக்குள்ள கொண்டுவந்தது?"

"நான்தான்."

"பதினோரு மாசமா உள்ள சரக்கோட சுவத்துல தொங்கியிருக்கு."

நார்மன் கையிலிருந்த கட்டையைக் கீழே வைத்தான். "கிண்ணில எரிஞ்ச கரிதான் இருந்துது, தொடைச்சேன். சுட்டு முடிச்ச துப்பாக்கி, காலின்னு நெனச்சேன். கோல் விட்டுப் பாக்கல. அவன் மடிலேருந்து எடுக்கறப்ப எனக்கு எதுவுமே தோணல, பாய்ட்."

"சரி விடு" என்றான் பாய்ட். ஆனால் அவன் கண் கோலிலேயே இருந்தது. "இது மேல்கோட்டுலயும் இல்ல. கீழ்க்கோட்டுலயும் இல்ல. நடுவுல நிக்குது. பாதிதான் போட்டிருக்கான்."

லவீனா பக்கத்தில் வந்து நின்றாள். "பாதின்னா மருந்து மட்டுமா?"

அவள் குரலில் ஏதோ இருந்தது. இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள்.

"குண்டு இல்லாம மருந்து மட்டுமா?" என்றாள் மறுபடியும்.

"மருந்து மட்டுமாவும் இருக்கலாம். குண்டு மட்டுமாவும் இருக்கலாம்." பாய்ட் விரலைக் கோலின் மீது வைத்து அளந்தான். "எல்வுட் மருந்து எழுபது கிரெயின் போடுவான். அது மட்டுமே ரெண்டு விரலுக்கு மேல வரும். கோல் காலிக் கோட்டுக்கு ஒரு விரல்தான் மேல நிக்குது. எனக்கென்னமோ குண்டு மட்டுந்தான்னு தோணுது. திருகு போட்டு எடுத்துப் பாத்துடலாம். அவன் திருகைக் கொடு, பையோட வார்ல தொங்குமே."

கோல் முனையில் மாட்டுகிற சின்ன இரும்புத் திருகு அது. ஈயக் குண்டைத் துளைத்துப் பிடித்து வெளியே இழுக்க. எல்வுட்டின் தோல்பையில் அதற்கென்று இருந்த வளையம் காலியாக இருந்தது. பையைக் கவிழ்த்துத் தேடியும் இல்லை. பாய்ட் தன்னுடையதை எடுத்து மாட்டினான். உள்ளே மருந்து இருந்தால் நனையட்டும் என்று கிண்ணிப் பக்கத்துத் துளை வழியாக எண்ணெய் விட்டான். கோலை உள்ளே இறக்கித் திருகி, மெதுவாக இழுத்தான்.

லவீனா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பதினோரு மாதத்தில் முதன்முறையாக அவளுக்கு எதுவோ வேண்டியிருந்தது. குண்டு வரட்டும், குண்டு வரட்டும் என்று உள்ளே ஒருத்தி கெஞ்சினாள்.

குண்டு வந்தது. திருகின் முனையில் உருண்டையாக, நீலக்கோடு போட்ட தலையணைத் துணி சுற்றி. அந்தத் துணியை வெட்டிக் கொடுத்தவள் அவள்தான். பாய்ட் துப்பாக்கியைக் கவிழ்த்து வெள்ளைக் காகிதத்தின் மேல் தட்டினான். எண்ணெய் இரண்டு சொட்டு விழுந்தது. மருந்து ஒரு பொடிகூட இல்லை.

நார்மன்தான் முதலில் சிரித்தான். சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம். "எல்வுட் மருந்து போட மறந்துட்டான். எல்வுட் ஷ்ரேடர்."

இதில் என்ன சிரிப்பு என்றால், குடிசையில் ஒரு உத்தரம் இருக்கிறது. மருந்தை மறந்து வெறும் குண்டை இடித்து இறக்குகிறவன், அடுப்புக்கரியால் அந்த உத்தரத்தில் பேரும் தேதியும் எழுதிவிட்டு, அந்த வாரம் முழுக்க எல்லோருடைய பாத்திரத்தையும் கழுவ வேண்டும். கரியை எடுத்துக் கையில் கொடுக்கும் உத்தியோகம் எல்வுட்டுடையது. நார்மன் பேர் நாலு தரம் இருந்தது, லவீனா பேர் ஒரு தரம். எல்வுட்டின் பேர் முப்பத்தொரு வருஷமாக அங்கே ஏறியதில்லை. அந்த மனுஷனின் அலட்டல் தாங்க முடியாது.

"நான் அந்த வெடியைக் கேட்டேன்" என்றாள் லவீனா.

நார்மனின் சிரிப்பு நின்றது.

"மூணேகாலுக்கு. ஒண்ணுதான் கேட்டுது. மான்னு நெனச்சேன். அப்புறம் மான் கெடைக்கலன்னதும், கூப்பிட்டிருப்பானோன்னு. கூப்பிட்டு நான் போகலையோன்னு."

"இத்தனை மாசமா சொல்லவே இல்லையே நீ."

"என்னன்னு சொல்றது?"

பாய்ட் குண்டைத் திருகிலிருந்து கழற்றி அவள் உள்ளங்கையில் வைத்தான். "கூப்பிடறவன் குண்டு போட மாட்டான் லவீனா. அந்தத் துணியைப் பாரு. நடுவுல வெச்சு, சுத்தி ஒரே அளவா வெட்டியிருக்கு. மானைப் பாத்துச் சுட்டான், தவறவிட்டான், மறுபடி போட்டான். அவசரத்துல மருந்தை விட்டுட்டான். மான் எதிர நின்னா எல்லாருக்கும் ஆகறதுதான்."

"வலியில குழம்பிப்போய், கூப்பிடறதுக்கு மருந்துக்குப் பதில் குண்டைப் போட்டிருந்தா?"

பாய்ட் எண்ணெய் படிந்த காகிதத்தைக் கசக்கினான். லவீனா குண்டைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். எல்வுட்டின் துப்பாக்கியை என்ன செய்வது என்று பாய்ட் கேட்டபோது, "இன்னிக்கு எங்கிட்டயே இருக்கட்டும்" என்றாள். நாற்பத்தைந்தையும் அவன் கொடுத்தனுப்பினான், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று.

வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றாமலே துணி அலமாரியைத் திறந்தாள். கீழ்த்தட்டில், குளிர்காலச் செருப்புகளுக்குப் பின்னால், எல்வுட்டின் சாமான்களைப் போட்டு ஆஸ்பத்திரியில் கொடுத்த காகிதப் பை மடித்தபடியே இருந்தது. கொடுத்த அன்று வாங்கி உள்ளே தள்ளியவள், பிறகு தொடவில்லை. காணாமல் போன திருகு இருந்தால் இதில்தான் இருக்க வேண்டும் என்று வண்டியில் வரும்போதே தோன்றியிருந்தது.

மேலே சட்டை. கம்பளிக் காலுறை. கீழே ஒரு சின்ன உறை, அதன் மேல் யாரோ ஒரு நர்ஸ் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தாள்: கைக்கடிகாரம் ஒன்று, கைக்குட்டை ஒன்று, இரும்புத் திருகு சிறியது ஒன்று, வலது கைக்குள் இருந்தது.

லவீனா சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தாள். உறையைக் கவிழ்த்ததும் திருகு மேஜையில் விழுந்து உருண்டது.

அவன் குழம்பவில்லை. தான் செய்த காரியம் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. மானைத் தவறவிட்டு, அதற்கு மேல் மருந்தை மறந்து, விசையை இழுத்தால் கிண்ணி மட்டும் புஸ்ஸென்று எரிந்து, மான் வாலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போயிருக்கும். நார்மனுக்குத் தெரிந்தால் என்ன ஆவது என்று நாலு பக்கமும் பார்த்திருப்பான். யாருக்கும் தெரியாமல் சரிசெய்துவிடலாம் என்று மரத்தடியில் உட்கார்ந்து, பையிலிருந்து திருகைக் கழற்றி எடுத்திருக்கிறான். அப்போதுதான் நெஞ்சுவலி வந்திருக்கிறது. கூப்பிட அவனுக்கு நேரம் இருக்கவில்லை. அவளைக் கூப்பிடவே இல்லை.

"பாத்திரம் கழுவறதுக்குப் பயந்துட்டு" என்றாள் வாய்விட்டு. "திருட்டு மனுஷா."

பிறகு எழுந்து, சட்டியை அடுப்பில் வைத்து, இரண்டு வெங்காயத்தை எடுத்து நறுக்கினாள். அந்த ஜனவரிக்குப் பிறகு அந்த வீட்டில் வெங்காயம் வதக்கியதில்லை. அழுதாளா என்று கேட்காதீர்கள். வெங்காயம் நறுக்கினால் யாருக்கும் வரும். அடுப்பை அணைத்துவிட்டு, சட்டியோடு வைத்துக்கொண்டு, முழுவதையும் ரொட்டியோடு சாப்பிட்டாள்.

கிறிஸ்துமஸ் முடிந்து வேட்டைப் பருவம் தொடங்கிய நாள் காலை ஏழு மணிக்குக் குடிசையில் நார்மன் கோதுமை அப்பம் சுட்டுக்கொண்டிருந்தான். லவீனா நாற்பத்தைந்தைக் கதவருகே சாய்த்துவைத்தாள். எல்வுட்டின் ஐம்பத்துநாலை நார்மன் கையில் கொடுத்தாள்.

"யானைத் துப்பாக்கி" என்றான் அவன்.

"இந்த வருஷம் நீ யானை அடி."

அவன் அதை வாங்கி, முதலில் கோலை உள்ளே விட்டுப் பார்த்தான். மணி மாதிரி ஒலித்தது. அவள் திருகை எடுத்து மேஜையில் வைத்து, அது எங்கே இருந்தது என்று சொன்னாள். நார்மன் அதைக் கையில் எடுத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். அப்பம் ஒன்று தீய்ந்தது. பிறகு அடுப்பிலிருந்து ஆறிய கரித்துண்டு ஒன்றை எடுத்து, எல்வுட் நீட்டுவானே, அதே மாதிரி கையை விறைப்பாக நீட்டி அவளிடம் கொடுத்தான்.

லவீனாவுக்குத் தோள் எழும்பவில்லை. பெஞ்சின் மேல் ஏறினாள். நார்மன் அவள் முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொள்ள, உத்தரத்தில் நார்மனின் நாலாவது பேருக்குக் கீழே எழுதினாள். எல்வுட் ஷ்ரேடர், ஜனவரி ஒன்பது.

"பாத்திரம் யாரு கழுவறது இப்ப?" என்றான் நார்மன்.

"நீதான். கோல் விட்டுப் பாக்காம சுவத்துல மாட்டுனதுக்கு."

கரியைத் துடைத்துக்கொண்டு, நாற்பத்தைந்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். படியில் பனி இறுகியிருந்தது. துப்பாக்கியை நிமிர்த்தி நிறுத்தி, அளவையை நிரப்பி, முதலில் மருந்தை ஊற்றினாள்.